லைன்ல நாடகம் போடலாம்னு இருக்கோம், உபதேசம் மாதிரி ஆகாம எப்படி பண்றது?

பந்தலூர்_மழை:

எல்லாருக்கும் வணக்கம். நான் பந்தலூர் பக்கம், ஊர் பேரு சொல்லல, சொன்னா யாருன்னு தெரிஞ்சிடும். மேல எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடுங்க), கீழ எங்க காலனி, தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்து குடியேறினவங்க. நடுவுல ஒரே ஒரு தண்ணி டேங்க். போன வருஷம் மாரியம்மன் திருவிழால சாமி எந்த வழியா போகணும்னு ஆரம்பிச்ச வாய்ச்சண்டை தண்ணி சண்டையா மாறி மண்டை உடைஞ்சு கேஸ் வரைக்கும் போயிடுச்சு. இப்ப சின்னப்பசங்க கூட ஒண்ணா வாலிபால் ஆடுறதில்ல, பஸ் ஸ்டாப்ல தனித்தனியா நிக்கிறாங்க.

ரெண்டு பக்கமும் இன்னும் பேசிக்கிட்டு இருக்கிற நாங்க கொஞ்சம் பேரு சேர்ந்து ஒரு நாடகம் போடலாம்னு பேசி வெச்சிருக்கோம். சமாதானம், மனுஷனுக்கு மனுஷன் மரியாதை, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துல பொம்பளைங்கள பேசுற பேச்சு, எல்லாத்தையும் வெச்சு. ஆனா பயமா இருக்கு, ஏன்னா கொஞ்ச வருஷம் முன்னாடி வெளியூர்ல இருந்து ஒரு குழு வந்து குடி ஒழிப்பு நாடகம் போட்டாங்க. குடிகாரன் வேஷம் கட்டினவரு பிரமாதமா தள்ளாடினாரு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, கடைசில உறுதிமொழி, பன்னு, டீ, குரூப் போட்டோ. முன்னாடி உக்காந்திருந்த ஒரு பாப்பாவோட அப்பா அசல் அப்படித்தான் நடப்பாரு, பசங்க எல்லாம் மேடைய விட்டுட்டு அத பாத்து சிரிச்சாங்க. அடுத்த நாள்ல இருந்து ஸ்கூல்ல அதுக்கு அதுதான் பட்டப்பேரு. நாடகம் போட்டவங்களுக்கு இது தெரியவே தெரியாது, அவங்க அன்னைக்கு சாயங்காலமே ஜீப் ஏறி போயிட்டாங்க.

அந்த மாதிரி ஆகக்கூடாது. எங்க யாருக்கும் நடிச்சு பழக்கம் இல்ல, காசும் பெருசா இல்ல. மைக் செட் வேணுமா, கதை யாரு எழுதணும், எங்க ஆரம்பிக்கணும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

பழைய_கலைக்குழு:

தம்பி, நான் அறிவொளி (எழுத்தறிவு இயக்கம்) காலத்து ஆளு. 90கள்ல ஊர் ஊரா கலைப்பயணம் போனவங்கள்ல ஒருத்தன், அதனால முதல்ல வேலைய பத்தி சொல்றேன், தத்துவத்த மத்தவங்க சொல்லட்டும்.

மைக் வேணாம். மைக் வெச்சா ஒருத்தர் பேசுவாரு மத்தவங்க நிப்பாங்க, நாடகம் செத்துடும். வட்டமா மக்கள உக்கார வெச்சு நடுவுல ஆடுங்க, நாலு பக்கமும் மூஞ்சி காட்டணும், முதுகு காட்டிட்டே இருந்தா அந்தப் பக்கம் எந்திரிச்சு போயிடுவாங்க. பாதல் சர்க்கார்னு வங்காளத்துல ஒருத்தர், மேடை, லைட்டு, டிக்கெட் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு உடம்பும் குரலும் போதும்னு பண்ணிக் காட்டினாரு. அவரு தமிழ்நாட்டுக்கு வந்து பட்டறை நடத்தின பிறகுதான் இங்க பல பேரு வீதில இறங்கினாங்க. சென்னைல பிரளயன் நடத்துற சென்னைக் கலைக்குழு 84ல இருந்து பண்ணிட்டு இருக்கு. ஆரம்பத்துல எல்லாருமே கைல ஒரு துண்டும் ஒரு கம்பும் வெச்சுக்கிட்டு பண்ணதுதான்.

நேரம் முக்கியம். 25 நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க. உங்க பக்கம் யானை நடமாட்டம் இருக்கும், அதனால வெளிச்சம் இருக்கிறப்பவே முடிச்சு ஜனங்க வீடு போய் சேரணும், ராத்திரி ஷோ நெனைச்சுக் கூட பாக்காதீங்க. சாயங்கால நிறுவை முடிஞ்சு பொம்பளைங்க வீட்டுக்குப் போனா அடுப்புல உக்காந்துடுவாங்க, வரமாட்டாங்க, ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் நாடகம் நடக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல பாருங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கூடலூர் பந்தலூர் மழைய பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள முடிச்சுக்குங்க.

பாட்டு இல்லாம போகாதீங்க. அறிவொளில புதுக்கோட்டைல பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்கன்னு பேசுறாங்களே, அந்த ஊர்கள்ல கூட்டத்துல கேட்ட சொற்பொழிவு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது, பாட்டு இருக்கும். ராகம் ஊர்ல ஏற்கனவே பாடுறதா இருக்கட்டும், வார்த்தைய மட்டும் நீங்க போடுங்க.

கடைசியா ஒண்ணு, பயமுறுத்த சொல்லல. 1989 ஜனவரி 1 அன்னைக்கு டெல்லி பக்கத்துல சாகிபாபாத்ல தொழிலாளிங்க மத்தியில நாடகம் போட்டுட்டு இருந்த சஃப்தர் ஹாஷ்மிய அடிச்சாங்க, அடுத்த நாள் செத்துட்டாரு. 4ம் தேதி அவரு மனைவி மொலாய்ஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய் பாதில நின்ன நாடகத்த முடிச்சாங்க. வீதி நாடகம்னா சும்மா தமாஷ் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. உங்க ஊர்ல ஏற்கனவே கேஸ் இருக்குன்னு சொல்றீங்க, அந்தக் கேஸ்ல பேரு இருக்கிற யாரையும் ஜாடையா கூட காட்டாதீங்க.

கோத்தகிரி_கொழுந்து:

தப்பா நெனைக்காதீங்க, நாடகம் போட்டா டேங்க்ல தண்ணி ஏறுமா? எங்க ஊர்லயும் இந்த விழிப்புணர்வு எல்லாம் நெறைய பாத்தாச்சு. பச்சை இலைக்கு விலை இல்லன்னு கிடக்கிறோம், வந்து ஆடிட்டு போறாங்க.

மூங்கில்_குச்சி:

@கோத்தகிரி_கொழுந்து அண்ணா, உங்க கேள்விதான் சரியான கேள்வி, இதே கேள்விய அகஸ்தோ போவால்னு பிரேசில் நாட்டு நாடகக்காரர்கிட்ட ஒரு விவசாயி மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்காரு. 60கள் ஆரம்பத்துல போவால் குழு வடகிழக்கு பிரேசில்ல கிராமம் கிராமமா போய் நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம்னு துப்பாக்கியத் தூக்கிப் பாடி ஆடியிருக்காங்க. பாத்த விவசாயி கண்கலங்கி, நீங்களும் நம்ம ஆளுதான், வாங்க உங்க துப்பாக்கியோட, பண்ணையார் ஆளுங்கள இன்னைக்கே விரட்டுவோம்னு கூப்பிட்டாரு. ஐயோ அது அட்டை துப்பாக்கின்னாங்க. சரி துப்பாக்கி எங்ககிட்ட இருக்கு, நீங்க மட்டும் வாங்கன்னாரு. இவங்க முழிச்சாங்க. அப்ப சிந்தச் சொன்னது எங்க ரத்தத்தத்தானான்னு அவரு கேட்டதுக்கு அப்புறம், தான் செய்யத் துணியாதத அடுத்தவன செய்யச் சொல்லி நாடகம் போடுறதில்லன்னு போவால் முடிவு பண்ணாரு.

பந்தலூர் தம்பி, நீ கேட்டதுக்கு பதில் இதுலதான் இருக்கு. உபதேசம் வேணாம்னா முடிவ நீ சொல்லாத. போவால் 1973ல பெரு நாட்டுல எழுத்தறிவு வேலைல இருந்தப்ப நடந்தது கேளு. ஒரு பொம்பளைக்கு படிக்கத் தெரியாது, புருஷன் அப்பப்ப காசு வாங்கிக்கிட்டு, வீடு கட்டுற கணக்கு, பத்திரமா வைன்னு பேப்பர் கொடுப்பான், பக்கத்து வீட்டம்மாகிட்ட கொடுத்து படிக்கச் சொன்னா அது அவனோட கள்ளக்காதலி எழுதின லெட்டர். அன்னைக்கு ராத்திரி புருஷன் வரான், அவ என்ன பண்ணணும்? இத நடிச்சுக் காட்டி கூட்டத்துகிட்ட கேட்டாங்க. ஒரு பருமனான அம்மா, அவன்கிட்ட தெளிவா பேசணும்னாங்க. நடிகை பேசினா. அது இல்ல, இன்னும் தெளிவான்னாங்க. திரும்பத் திரும்ப பேசினா, அந்தம்மாவுக்கு திருப்தி இல்ல. அப்ப நீங்களே வந்து காட்டுங்கன்னு போவால் சொன்னதும் மேல ஏறி விளக்கமாத்த எடுத்து புருஷன் வேஷக்காரர வெளுத்துட்டு, இப்ப மன்னிச்சாச்சு, போய் சாப்பாடு எடுத்துட்டு வான்னாங்களாம். எழுதி வெச்ச நடிகனால அத பண்ணியே இருக்க முடியாது. அங்க பிறந்ததுதான் ஃபோரம் தியேட்டர்.

எப்படின்னா, ஒரு சின்னக் கதை, பத்து பன்னண்டு நிமிஷம், அது தோல்வில முடியணும். உன் ஊர்லயே இருக்கு பாரு, நிறுவை. ஒரு அக்கா முதுகு ஒடிய கொழுந்து எடுத்துட்டு வராங்க, நிறுக்கிறவரு சாக்குக்கு கழிவு, தண்ணிக்கு கழிவுன்னு கிலோவ குறைக்கிறாரு, கேட்டா அசிங்கமா ஒரு வார்த்தை, பின்னாடி வரிசைல நிக்கிறவங்க சீக்கிரம் போன்னு இவங்களையே சத்தம் போடுறாங்க, அக்கா தலைகுனிஞ்சு போறாங்க. அவ்வளவுதான். அப்புறம் நடத்துறவரு (ஜோக்கர்னு சொல்வாங்க, நம்ம கட்டியங்காரன்தான்) கூட்டத்தப் பாத்து, மறுபடியும் முதல்ல இருந்து ஆடப்போறோம், எந்த இடத்துல மாத்தலாம்னு தோணுதோ நிறுத்துன்னு கத்துங்க, அந்த அக்கா இடத்துல நீங்க வந்து நில்லுங்கன்னு சொல்வாரு. யாராவது வருவாங்க. முதல்ல ஒரு ஸ்கூல் பையன் வருவான், சினிமா வசனம் பேசுவான், எல்லாரும் சிரிப்பாங்க, பரவாயில்ல. அடுத்து உண்மையிலயே கொழுந்து எடுக்கிற ஒருத்தங்க வருவாங்க, அவங்க வாயத் தொறக்கிறப்ப அந்த இடமே மாறிடும், நான் பாத்திருக்கேன். நிறுக்கிறவரா நடிக்கிற ஆளு லேசுல விட்டுக்கொடுக்கக் கூடாது, இதுதான் முக்கியம், நிஜத்துல அவரு எப்படி மடக்குவாரோ அப்படி மடக்கணும். கொடுமை பண்றவன திடீர்னு நல்லவனா மாத்துற மாயாஜாலத்துக்கு இதுல இடம் இல்ல. வரிசைல நிக்கிறவங்க பாத்திரத்தையும் மாத்த விடு, பாதி விஷயம் அங்கதான் கிடக்கு.

மேற்கு வங்கத்துல ஜன சம்ஸ்கிருதின்னு ஒரு அமைப்பு இதத்தான் பண்றாங்க, 1985ல சஞ்சய் கங்குலி ஆரம்பிச்சது, நடிக்கிறவங்க விவசாயக் கூலிங்க. வரதட்சணை, கூலி, ரேஷன்னு அவங்க பொழப்புதான் கதை.

தண்ணி ஏறுமான்னு கேட்ட அண்ணனுக்கு: போவால் 1993ல இருந்து 96 வரைக்கும் ரியோ நகர கவுன்சிலரா இருந்தாரு. நாடகத்துல மக்கள் மேல வந்து சொன்னத குறிச்சு வெச்சு கவுன்சில்ல தீர்மானமா கொண்டு போய் 13 சட்டம் ஆக்கினாரு. நமக்கு கவுன்சில் எல்லாம் வேணாம், கிராம சபை இருக்கே. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளு, அன்னைக்கு கிராம சபை உண்டு. அதுக்கு முந்தின ஞாயிறு நாடகத்தப் போடு, ஜனங்க சொன்னத ஒருத்தர் உக்காந்து நோட்டுல எழுதட்டும், அத அப்படியே மனுவா எடுத்துட்டு போங்க. ஒண்ணு பாத்துக்க, பந்தலூர் பக்கம் நெறைய இடம் நெல்லியாளம் நகராட்சில வரும், அங்க கிராம சபை கிடையாது, வார்டு கவுன்சிலரத்தான் கூட்டிட்டு வந்து முன்வரிசைல உக்கார வைக்கணும்.

ரதி_அழுதாள்:

எங்க பாட்டியும் சிலோன்ல இருந்து வந்தவங்கதான், கோத்தகிரி பக்கம் குடியேறினாங்க. மூங்கில்_குச்சி அண்ணா சொன்னது நல்லா இருக்கு, ஆனா ஒரு விஷயத்துல எனக்கு வேற மாதிரி தோணுது.

தம்பி, நீங்க சமாதான நாடகம் போடணும்னு ஆரம்பிச்சீங்க. ரெண்டு பக்கமும் கை குலுக்கி ஒண்ணா நிக்கிற மாதிரி கடைசி சீன் வெச்சுடுவீங்க, எனக்கு இப்பவே தெரியுது. வைக்காதீங்க. அத்தனை குடும்பத்துக்கு ஒரே டேங்க் வெச்சது லைன்காரங்களா காலனிக்காரங்களா? தோட்டத் தொழிலாளிக்கு குடிதண்ணி கொடுக்கிறது முதலாளி பொறுப்புன்னு 1951லயே தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்டாச்சு. காலனிக்கு யாரு கொடுக்கணும்னு தனியா கேளுங்க. ரெண்டு பேரையும் ஒரே குழாய்ல கட்டிப்போட்டவங்க யாருன்னு கேக்காம, அண்ணன் தம்பியா இருங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா, குடம் நிரம்பாதவங்களுக்கு அது எரிச்சலத்தான் கிளப்பும். நியாயம் பேசாத சமாதானம் பெரிய மனுஷங்களுக்குத்தான் சௌகரியம். அதனால ஃபோரம் போடுறப்ப லைன் ஆளும் காலனி ஆளும் எதிரெதிரா நிக்கிற காட்சிய எடுத்துக்காதீங்க, அதுல யாரு இடத்துல யாரு வந்து நிப்பாங்க, மறுபடி மண்டைதான் உடையும். நிறுவை காட்சி நல்ல தேர்வு, ஏன்னா காலனி பொம்பளைங்களும் அங்க கொழுந்து எடுக்கத்தானே போறாங்க, ரெண்டு பக்கத்துக்கும் அது பொதுவான அவமானம்.

இன்னொன்னு, வெளியில இருந்து முறைய கொண்டு வர்றதுக்கு முன்னாடி வீட்டுல பாட்டிங்ககிட்ட கேளுங்க. சிலோன் மலையகத் தோட்டங்கள்ல மாசி மாசம் காமன் கூத்து ஆடுவாங்க, சிவன் நெத்திக்கண்ணால மன்மதன எரிச்சதும் ரதி அழுவுற ஒப்பாரி இருக்கே, எங்க பாட்டி அத சமையல் கட்டுல முணுமுணுத்துதான் நான் முதல்ல கேட்டேன். 1964ல சிலோன் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்க குடியுரிமை இல்லாம இருந்த நம்ம ஜனங்கள 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு அங்கயேன்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சு, 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. அக்கா அங்க, தங்கச்சி இங்கன்னு போன குடும்பம் எத்தனை. உங்க காலனில வயசானவங்க ஒவ்வொருத்தரும் ஒரு கதை வெச்சிருப்பாங்க, மேல லைன்ல இருக்கிற பசங்களுக்கு அது ஒண்ணும் தெரியாது, சிலோன்காரங்கன்னு ஒரு பேரு மட்டும் தெரியும். அதே மாதிரி லைன்காரங்க முன்னோர் எந்த ஊர்ல இருந்து கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவரு) பின்னாடி மலையேறி வந்தாங்கன்னு உங்க பசங்களுக்கு தெரியாது. முதல் வேலையா நாடகம் எழுதாம, காலனி பசங்க லைன்ல போய் கதை கேக்கட்டும், லைன் பசங்க காலனில வந்து கேக்கட்டும். நடிக்கிறப்பவும் மாத்தி நடிங்க, அவங்க பாட்டி கதைய இவங்க, இவங்க பாட்டி கதைய அவங்க.

ஆனா கேட்டவுடனே எடுத்து ஆடிடாதீங்க. நீங்க சொன்ன அந்தப் பாப்பா கதைய படிச்சப்ப எனக்கு வயிறு கலங்கிடுச்சு. கதை சொன்னவங்ககிட்ட திரும்பப் போய், இப்படி ஆடப்போறோம், சம்மதமான்னு ஆடிக் காட்டிக் கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க, ஏன்னு கூட கேக்காதீங்க. பொம்பளைய அடிக்கிறத அடிக்கிற மாதிரியே காட்டாதீங்க. அடிபட்டவங்க கூட்டத்துல உக்காந்திருப்பாங்க.

கொடைக்கானல்_காரன்:

தண்ணி ஏறுமா கேள்விக்கு எங்க பழனி மலைல இருந்து ஒரு உதாரணம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரச விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், 2001ல மூடினாங்க, வேலை பாத்தவங்க உடம்பு கெட்டுப்போச்சுன்னு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க, ஹைகோர்ட்ல கேஸ் போட்டாங்க. 2015ல சென்னைல இருந்து சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டு பாடி வீடியோ வந்துச்சு, லட்சக்கணக்குல பாத்தாங்க, வெளிநாட்டுல எல்லாம் பேசினாங்க. 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளிங்களோட கம்பெனி ஒப்பந்தம் போட்டுச்சு. பாட்டுனாலதான் கிடைச்சதுன்னு சில பேரு சொல்வாங்க, எனக்கு அது கொஞ்சம் கோவம். பாட்டு வர்றதுக்கு முன்னாடி அந்த ஜனங்க எத்தனை மெடிக்கல் டெஸ்டு, எத்தனை மனு, எத்தனை தர்ணா. அவங்க விடாம பிடிச்சு வெச்சிருந்ததால பாட்டுக்கு வேலை இருந்துச்சு, அதே சமயம் பாட்டு இல்லாம இருந்தா வெளில இருக்கிற ஆளுங்க இந்தப் பக்கம் திரும்பியே பாத்திருக்க மாட்டாங்க. ரெண்டும் வேணும்ங்கிறேன். மண்ண சுத்தம் பண்றது எந்த அளவுக்குன்னு அதுக்கு அப்புறமும் சண்டை ஓடுச்சு, அது தனிக் கதை.

அப்புறம் எங்க மலைக்கு கீழ திண்டுக்கல்ல சக்தி கலைக்குழு இருக்கு, சிஸ்டர் சந்திரா ஆரம்பிச்சது, 90கள்ல இருந்து தலித் பொண்ணுங்க பறை அடிச்சு ஆடுறாங்க. சாவுக்கு அடிக்கிறதுன்னு, ஆம்பளைங்க மட்டும் தொடுறதுன்னு ஒதுக்கி வெச்ச கருவிய, பொண்ணுங்க சலங்கை கட்டி மேடைல நெஞ்ச நிமித்தி அடிக்கிறத ஒருவாட்டி நேர்ல பாருங்க, அங்க ஒருத்தரும் மரியாதைய பத்தி ஒரு வார்த்தை கூட பேச மாட்டாங்க, பேச வேண்டியதும் இல்ல.

பெர்மிஷன் பத்தி யாரும் சொல்லல. முன்னாடி 1954 நாடகச் சட்டம் ஒண்ணு இருந்துச்சு, ஸ்கிரிப்ட்ட போலீஸ்கிட்ட காட்டணும்னு எல்லாம், எழுத்தாளர் ஞாநி போட்ட வழக்குல சென்னை உயர்நீதிமன்றம் 2013ல அதோட முக்கிய பிரிவுகள ரத்து பண்ணிடுச்சு. அதனால ஸ்கிரிப்ட் கொடுன்னு யாராவது கேட்டா பயந்துக்காதீங்க. ஆனா உங்க ஊர்ல கேஸ் ஓடுது, ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் கொடுத்து நகல்ல சீல் வாங்கி வெச்சுக்குங்க, எஸ்டேட் இடத்துல போட்டா ஆபீஸ்லயும் கேக்கணும். கோயில் முன்னாடி போடாதீங்க, திருவிழா பிரச்சனை இருக்கிற இடம். ஸ்கூல் கிரவுண்டு இல்லன்னா ரேஷன் கடை முன்னாடி, ரெண்டு பக்கமும் வந்து போற இடமா பாருங்க.

கோத்தகிரி_கொழுந்து:

கிராம சபை ஐடியா ஓகே, அத ஒத்துக்கிறேன். ஆனா நிறுவை காட்சில மேல வந்து பேசின அக்காவுக்கு திங்கக்கிழமை காலைல மஸ்டர்ல (வேலைக்கு ஆள் எடுக்கிற வருகைப் பதிவு) பேர் போடாம விட்டா யாரு கேப்பா? ஆடுற பசங்க கேப்பாங்களா? அத முதல்ல யோசிச்சு வெச்சுக்குங்க.

மூங்கில்_குச்சி:

நியாயம் அண்ணா, இத நான் எழுதியிருக்கணும். ஒரே ஆள் வந்து பேசினா அவங்கதான் மாட்டுவாங்க, அதனால யூனியன் ஆளுங்க ரெண்டு மூணு பேர முன்னாடியே பேசி கூட்டிட்டு வரணும், அவங்க எதிர்ல நடக்கட்டும். இல்லன்னா கதைய கொஞ்சம் தள்ளி வெக்கலாம், கொழுந்துக்கு பதிலா காப்பி, எஸ்டேட்டுக்கு பதிலா ஏதோ ஒரு ராஜா தோட்டம்னு. யாருக்கு சொல்றோம்னு பாக்கிறவங்களுக்கு தெரியும், மாட்டிவிடவும் முடியாது. கூத்துல காலகாலமா பண்றதுதானே. போட்டோ வீடியோ எடுக்க விடாதீங்க, அது ரொம்ப முக்கியம், வாட்ஸப்ல போனா முடிஞ்சது.

பந்தலூர்_மழை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ராத்திரி எங்க குரூப்ல எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கை குலுக்குற சீன நாங்க நெஜமாவே எழுதி வெச்சிருந்தோம் ரதி அக்கா 😅 எடுத்தாச்சு. கதை கேக்கிறத முதல்ல பண்றோம், லைன்ல ஒரு பாட்டி இப்பவே வரச் சொல்லிட்டாங்க, ஆனா காலனி பசங்கள மட்டும்தான் வீட்டுக்குள்ள விடுவேன், பெரியவங்க வேணாம்னு கண்டிஷன். நிறுவை காட்சிக்கு யூனியன்ல ஒருத்தர்கிட்ட பேசப் போறோம், அவரு சரின்னாத்தான் போடுறது.

ஒரு சின்ன டவுட். பறை ரெண்டு கிடைக்குது, ஆனா இங்க பனியில காய்ச்சி எடுத்துட்டு வர்றதுக்குள்ள தோல் தொய்ஞ்சு சத்தமே வரமாட்டேங்குது. ஃபைபர் தோல் போட்டது வாங்கலாமா?

பழைய_கலைக்குழு:

வாங்கலாம், மழை ஊருக்கு அதுதான் கைகொடுக்கும், ஆனா சத்தம் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். ஒண்ணு ஃபைபர், ஒண்ணு தோல்னு வெச்சுக்குங்க. தோல் பறைய ஆடுற இடத்துலயே ஓரமா சின்னதா தீ போட்டு காய்ச்சுங்க, சாணித்தாள், காஞ்ச சருகு போதும், நடுவுலயும் ஒருதடவை காட்டணும். சூட்ட ஒரே இடத்துல காட்டாம சுத்தி சுத்தி காட்டுங்க, இல்லன்னா கிழிஞ்சிடும். தீ போடுறத தேயிலைச் செடிகிட்ட வெச்சுக்காதீங்க, பனிக்காலத்துல காஞ்சு கிடக்கும், அதுக்கு வேற ஒரு கேஸ் வந்துடப் போகுது.